ஆறாவது பெயர்

சான்டா ரீட்டா குடியிருப்பு, பாயியா
மார்ச் 6

அன்புத் தம்பி ஜில்வானுக்கு,

நானும் என் பெண் தாயிஸும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? போன தடவை பார்த்தபோது இருமிக்கொண்டே இருந்தாய். மருந்து கொடுத்தார்களா? உன்னை அந்த ஊர்ச் சிறைக்கு மாற்றியதிலிருந்து பஸ்ஸில் பதினோரு மணி நேரம் ஆகிறது. நினைத்தால் வந்து பார்க்க முடியவில்லை, அதனால் இனிமேல் கடிதம்தான்.

இதைப் பிரித்துப் படிக்கிற காவலர் ஐயாவுக்கும் என் வணக்கம். கூட வரும் எண்பது தாள்களில் கணக்கையும் வேதியியலையும் தவிர ஒன்றும் இல்லை. ஸ்டேபிள் பின் கூடாது என்று சொன்னதால் அத்தனையையும் பிடுங்கி நகம் பிய்ந்துவிட்டது.

விஷயம் இதுதான். மாதா கோயில் கூடத்தில் மார்லூசியா டீச்சர் நடத்துகிற இலவச நுழைவுத் தேர்வு வகுப்பில் மறுபடியும் சேர்ந்துவிட்டேன். இது மூன்றாவது வருஷம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். "முப்பத்தொரு வயசுல உனக்கு என்னடி நர்ஸ் படிப்பு?" என்கிறார்கள். சிரிக்கட்டும். பத்து வருஷமாக மற்றவர்களின் ரத்தத்தைத் துணியிலிருந்து கசக்கிக் கழுவுகிறேன். அந்த ரத்தம் யாருடையது, ஏன் வந்தது என்று தெரிகிற இடத்தில் ஒருநாளாவது நிற்க வேண்டும்.

நீயும் எழுது. சிறையில் இருப்பவர்களுக்கு டிசம்பரில் நான் எழுதுகிற அதே ஏனெம் நுழைவுத் தேர்வைத் தனியாக வைக்கிறார்களாம். நமக்கு எல்லாமே இலவசம். விண்ணப்பக் கட்டணம் தள்ளுபடி, பழைய வினாத்தாள் இலவசம், போனில் பாடம் நடத்துகிற வாத்தியார்களும் இலவசம். போனைத்தான் உனக்கு அனுப்ப முடியாது. அதனால் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கையால் எழுதி அனுப்புகிறேன். வாத்தியார் சொன்ன ஜோக்கையும் விடவில்லை. சிரிப்பு வராவிட்டால் என்னைத் திட்டாதே, அவரைத் திட்டு.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
நெய்டி அக்கா


3ஆம் பகுதி, 11ஆம் அறை
மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது, சளி மட்டும் குடித்தனம் நடத்துகிறது. தாயிஸுக்கு என் முத்தம். முன்பல் முளைத்துவிட்டதா?

எண்பதில் எழுபத்தெட்டு தாள்தான் கைக்கு வந்தது. இரண்டை யாரோ படிக்க எடுத்துக்கொண்டார்கள் போல. காவலர் ஐயா, அது மடக்கைப் பாடம், அடுத்த பாடத்தில் திரும்பக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் உங்களுக்கும் புரியாது.

எங்கள் அறையில் ஒன்பது பேர். உன் கையெழுத்துத் தாளை வரிசையாகக் கைமாற்றிப் படிக்கிறோம். அந்த வாத்தியாரின் ஜோக் படுமோசம். ஆனால் நீ எழுதியிருக்கிற விதத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பன்னிரண்டு மணி நேரம் படித்தால் தண்டனையில் ஒருநாள் குறையும் என்று எங்கள் படிப்புப் பொறுப்பாளர் இவோனி அம்மா சொன்னார். நண்பன் பேச்சைக் கேட்டு, அவன் மருந்துக்கடையைக் கொள்ளையடிக்கும்போது வாசலில் பைக்கை உறுமவிட்டுக்கொண்டு நின்ற முட்டாள் நான். அந்தப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு எத்தனை பன்னிரண்டு மணி நேரம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு நன்றாக வருகிறது, அக்கா. மற்றதுதான் வரவில்லை.

பெயர் கொடுத்துவிட்டேன்.

உன் தம்பி,
ஜில்வான்


சான்டா ரீட்டா
மே 11

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உனக்குச் சளி எப்படி? தாயிஸுக்குப் பல் முளைத்துவிட்டது, கோணலாக.

இந்தத் தடவை அறுபது தாள், எல்லாம் உயிரியல். உனக்குக் கணக்கு வருகிறது என்று சொன்னாய் அல்லவா, எனக்கு உயிர் போகிறது. நேர்கோட்டுச் சார்பு என்று ஒன்று. அந்த வீடியோவை ஏழு தடவை பார்த்துவிட்டேன். எழுதி அனுப்பக்கூட வரவில்லை, ஏனென்றால் எனக்கே புரியவில்லை. கூடத்தில் எல்லோருக்கும் முன்னால் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது. பக்கத்து பெஞ்சில் இருக்கிற பெண்ணுக்குப் பதினேழு வயது. அவள் என்னை "ஆன்ட்டி" என்கிறாள்.

உனக்குப் புரிந்தால் எனக்கு எழுது. சின்னக் குழந்தைக்குச் சொல்வது மாதிரி எழுது, கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அன்புடன்,
நெய்டி அக்கா


3ஆம் பகுதி
ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ சாப்பிடுகிறாயா? எழுத்து மெலிந்துபோயிருக்கிறது.

நம் வீட்டுப் பின்னால் இருக்கிற மழைநீர்த் தொட்டியை நினைத்துக்கொள். தண்ணீர் லாரி வருவதற்கு முன்பே அடியில் நூறு லிட்டர் கிடக்கிறது. நீ ஒவ்வொரு வாளியாக ஊற்றுகிறாய், வாளிக்கு இருபது லிட்டர். ஊற்ற ஆரம்பிப்பதற்கு முன்பே அடியில் கிடந்தது மாறாத எண். வாளிதான் மாறுகிற எண். அவ்வளவுதான் சார்பு. வாத்தியார் அதற்குப் போய் ஆங்காங்கே எழுத்தைப் போட்டுப் பயமுறுத்துகிறார். பின்பக்கம் பதினைந்து கணக்கு போட்டிருக்கிறேன், எல்லாமே தொட்டிக் கணக்கு. போட்டு அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

இன்னொன்று. சான் ஜோவான் திருவிழாவுக்குத் தெருவில் தீ மூட்டுவீர்களே, அதில் எனக்காக ஒரு சோளக்கதிர் சுட்டுத் தின்னு.

உன் வாத்தியார்,
ஜில்வான்


சான்டா ரீட்டா
செப்டம்பர் 19

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபிக்காதே. தாயிஸுக்கு அம்மை போட்டது, சலவைக்கூடத்தில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். இப்போது எல்லாம் சரி. நீ எப்படி?

உன் பதினைந்தும், அப்புறம் நீ அனுப்பின நாற்பதும் போட்டு முடித்தேன். போன வாரம் கூடத்தில் மாதிரித் தேர்வு. கணக்கில் நான்தான் முதல். ஆன்ட்டி என்று கூப்பிட்ட பெண் என்னிடம் வந்து நோட்டைக் கேட்டாள். கொடுத்தேன், தொட்டியைப் பற்றியும் சொன்னேன். மார்லூசியா டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த வருஷம் உனக்குக் கெடைக்கும்டி, எனக்குத் தோணுது" என்று சொன்னார்.

எனக்கும் தோன்றுகிறது. அதுதான் பயமாக இருக்கிறது. அம்மா படுத்தபோது உனக்கு ஆறு வயது, நான் எட்டாம் வகுப்போடு நின்று, மீதியைப் பிறகு அரசு இரவுப் பள்ளியில் முடித்தேன். அதற்குப் பிறகு எனக்கென்று எதையுமே இவ்வளவு ஆசைப்படவில்லை.

இந்தக் கடைசி வரியை உன்னிடம் குறையாகச் சொல்லவில்லை. சும்மா எழுதினேன்.

நெய்டி அக்கா


3ஆம் பகுதி
டிசம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், மூன்று தடவை நலம். தேர்வு முடிந்தது. கணக்கில் ஒன்றோ இரண்டோதான் தப்பு. கட்டுரைக்கு நீ அனுப்பின மாதிரிகளைப் படித்தது நல்லதாகப் போயிற்று. உன் தேர்வு நவம்பரில் எப்படிப் போனது என்று ஒரே வரியில் எழுதியிருந்தாய், "பரவாயில்லை" என்று. உன் பரவாயில்லை எனக்குத் தெரியும். நன்றாக எழுதியிருக்கிறாய்.

இப்போது முக்கியமான விஷயம், நிதானமாகப் படி. ஜனவரியில் மதிப்பெண் வந்ததும் நான்கே நாட்கள்தான் கணினியில் கல்லூரியும் படிப்பும் தேர்ந்தெடுக்கலாம். இங்கே நாற்பது பேருக்கு ஒரே கம்ப்யூட்டர், இவோனி அம்மா ஒருவர்தான். "யாருக்கெல்லாம் வெளிய நம்பிக்கையான ஆள் இருக்கு? அவங்களே போட்டுருவாங்கன்னா கைய தூக்குங்க, மத்தவங்களுக்கு நேரம் கெடைக்கும்" என்று கேட்டார். முதலில் தூக்கின கை என்னுடையது.

என் எண்ணும் கடவுச்சொல்லும் தனித்தாளில் இருக்கிறது. முன்பு கணக்கு ஆசிரியர் படிப்புக்குப் போடச் சொல்லியிருந்தேன், அதை மாற்று. நர்சிங் போடு, நம் ஊர்ப் பல்கலைக்கழக வளாகம், மாலை வகுப்பு, உன்னுடையதேதான். இங்கே மருந்தறையில் ஆறு மாதமாக உதவிக்கு நிற்கிறேன், கட்டுப் போட வருகிறது. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போகலாம், நீ எனக்கு ஜன்னல் ஓரம் விடு.

சேர்க்கைச் சீட்டு ஒன்று கையில் இருந்தால், மார்ச்சில் நீதிபதி என்னை நம் ஊருக்கு மாற்றி, மாலையில் வகுப்புக்குப் போய்வர விடுவார். இல்லாவிட்டால் இன்னும் மூன்று வருஷம் இங்கேயேதான். அதனால் மறந்துவிடாதே. மறப்பாயா என்ன!

தாயிஸுக்குக் கிறிஸ்துமஸ் முத்தம்.

ஜில்வான்


சான்டா ரீட்டா
பிப்ரவரி 9

அன்புள்ள ஜில்வானுக்கு,

நலமா? இங்கே நலம். நல்ல மழை.

உனக்கு வருத்தமான செய்தி எழுத வேண்டியிருக்கிறது. நீ கேட்டபடி போட்டேன். இந்த வருஷம் போட்டி அதிகம், வெட்டு மதிப்பெண் மேலே மேலே போய்விட்டது. உன் பெயர் வரவில்லை. உன் மதிப்பெண் நல்ல மதிப்பெண்தான், உன்மேல் தப்பில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம். தாள்கள் தொடர்ந்து அனுப்புகிறேன்.

தாயிஸ் மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள்.

நெய்டி


3ஆம் பகுதி
பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? சுருக்கமாக எழுதியிருந்தாய்.

உன் கடிதம் வந்த அன்று பீன்ஸைப் பக்கத்தில் இருந்தவனுக்குத் தள்ளிவிட்டேன். அப்புறம் உன்னை நினைத்தேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எனக்காக வீடியோ எழுதினாய். உன் உழைப்பை வீணாக்கிவிட்டேன், மன்னித்துவிடு. நர்சிங்குக்குப் பதிலாகக் கணக்கே போட்டிருந்தால் கிடைத்திருக்கும். ஒரே பஸ் என்று ஆசைப்பட்டது என் புத்திகெட்டதனம்.

உன் முடிவைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே. உனக்கும் வரவில்லையா? எனக்காக மறைக்காதே. வந்திருந்தால் இங்கே ஒன்பது பேரும் கைதட்டுவோம்.

ஜில்வான்


சான்டா ரீட்டா
மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

எனக்குக் கிடைத்துவிட்டது. உனக்குக் கிடைக்காதபோது சொல்ல மனம் வரவில்லை. வகுப்பு ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. மார்லூசியா டீச்சர் கோயில் வாசலில் எட்னெய்டி என்று என் முழுப்பெயரைத் துணியில் எழுதிக் கட்டியிருக்கிறார். தாயிஸ் தினமும் அதற்குக் கீழே போய் நிற்கிறாள். எனக்குத்தான் அந்தப் பக்கம் போகப் பிடிக்கவில்லை.

நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

நெய்டி


3ஆம் பகுதி
ஏப்ரல் 19

அக்காவுக்கு,

நான் நலம்.

நீதிபதி என் மனுவைத் தள்ளிவிட்டார். மேல்முறையீட்டுக்காக, நான் விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனதற்கு ஆதாரம் வேண்டும் என்று இவோனி அம்மா கம்ப்யூட்டரில் பார்த்தார். ஜனவரி நான்கு நாளிலும் என் பெயரில் எந்தக் கல்லூரியும் எந்தப் படிப்பும் பதிவாகவில்லை. வெறுமையாக இருக்கிறது. ஆனால் நான்காம் நாள் மாலை ஒருமுறை என் கடவுச்சொல்லைப் போட்டு யாரோ உள்ளே போயிருக்கிறார்கள்.

அப்புறம் நம் வளாகத்துத் தேர்வுப் பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தார். அரசுப் பள்ளியில் படித்த ஏழைக் குடும்பத்தவர் ஒதுக்கீட்டில் ஐந்து இடங்கள். ஐந்தாவது பெயர் உன்னுடையது. உன் மதிப்பெண் 604. என்னுடையது 641.

இவோனி அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் கோளாறா இருக்கும்பா, அன்னிக்கு எல்லாருக்கும் தகராறு பண்ணுச்சு" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். வெளியாள் முன்னால் உன்னை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

கோளாறுதானா? ஒரு வரி எழுது. கோளாறு என்று எழுதினால் நம்பிக்கொள்கிறேன்.

ஜில்வான்


சான்டா ரீட்டா
மே 4

ஜில்வான்,

நீ நலமா என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

கோளாறு இல்லை.

முதல் மூன்று நாளும் வேலைக்கு மேல் வேலை, இரண்டு பேருடையதையும் நாளைக்குப் போடலாம் என்று தள்ளினேன். அது உண்மை. நான்காம் நாள் கோயில் கூடத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். முதலில் என்னுடையதைப் போட்டேன், அதுவரை போட்டவர்களின் தரவரிசை திரையில் வந்தது. ஐந்து பேரில் ஐந்தாவது. எனக்குக் கீழே இருந்தவனுக்கும் எனக்கும் அரை மதிப்பெண்கூட வித்தியாசம் இல்லை. அப்புறம் உன் எண்ணைப் போட்டு, கடவுச்சொல்லைப் போட்டேன். உன் மதிப்பெண் வந்தது. பெருமையாக இருந்தது, ஜில்வான், அம்மாமேல் ஆணை. அடுத்த நிமிஷம் புரிந்தது, உன்னை உள்ளே விட்டால் நான் வெளியே. உன்னைப் பதிவுசெய்கிற பொத்தானை என் விரல்தான் அமுக்க வேண்டியிருந்தது, அமுக்கவில்லை.

மார்லூசியா டீச்சர் பூட்ட வந்தார். "தம்பியோடது போட்டாச்சா?" என்று கேட்டார். "போட்டாச்சு டீச்சர்" என்றேன். வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு அதுதான் நடந்தது மாதிரி ஆகிவிட்டது.

காத்திருப்புப் பட்டியல் இருக்கிறதே என்று நீ கேட்பாய். போன வருஷம் அதில் நான் ஆறாவது ஆள். மூன்று மாதம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒருவரைக் கூடக் கூப்பிடவில்லை. இன்னொரு வருஷம் அந்த பெஞ்சில் போய் உட்கார என்னால் முடியாது.

இருந்தது ஒரே இடம். நாம் இரண்டு பேர். பதினெட்டு வருஷமாக உனக்கே விட்டுக்கொண்டிருந்தேன், இந்த ஒரு தடவை விடவில்லை. திட்டு, காறித்துப்பு, ஆனால் எழுது.

நெய்டி


3ஆம் பகுதி
ஜூன் 21

எட்னெய்டிக்கு,

நான் நலம். உன் நலம் கேட்கப் போவதில்லை.

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம், அதை நான் நம்பியதுதான். மன்னிக்கிற மாதிரி நான்கு கடிதம் எழுதினேன். "கேட்டிருந்தால் நானே விட்டுக்கொடுத்திருப்பேனே" என்று ஒன்றில் எழுதி, கிழித்துவிட்டேன். அது பொய். கொடுத்திருக்க மாட்டேன். வெளியே வரும் வழி அது ஒன்றுதான், எனக்கும் ஆசை இருந்தது. அது உனக்கும் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. ஒரே இடம், இரண்டு பேர், எடுத்துக்கொண்டாய். பசியில் இருப்பவன் பக்கத்துத் தட்டிலிருந்து எடுப்பதை இங்கே தினமும் பார்க்கிறேன். அதைக்கூட என்னால் ஒருநாள் மறந்திருக்க முடியும்.

இந்த வருஷத் தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். கடவுச்சொல் இவோனி அம்மாவிடம் இருக்கிறது. வெளியே நம்பிக்கையான ஆள் இருக்கிறதா என்று இந்தத் தடவையும் கேட்டார். நான் கையைத் தூக்கவில்லை. பார்வையாளர் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். தாள் எதுவும் இனி அனுப்ப வேண்டாம்.

நேற்று இவோனி அம்மா அந்த வளாகத்தின் இரண்டாவது பட்டியலை எடுத்துக் காட்டினார். என் மனதைத் தேற்றுவதாக நினைத்துத்தான் காட்டினார், அடுத்த வருஷம் இப்படியும் ஒரு வழி இருக்கிறது என்று. முதல் ஐந்து பேரில் மூன்றாவது ஆளும் நான்காவது ஆளும் சான்றிதழ் கொண்டுவரவில்லை. மார்ச் 11ஆம் தேதி ஆறாவது பெயரையும் ஏழாவது பெயரையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

என்னைப் போட்டிருந்தால் நான் உள்ளே இருந்திருப்பேன். நீ ஆறாவது பெயர். மார்ச் 11ஆம் தேதி உன்னையும் கூப்பிட்டிருப்பார்கள்.

ஜனவரியில் உனக்கு அது தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிறகு கூப்பிட்ட அந்த இரண்டு பேரும் மார்ச்சிலேயே உன் வகுப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நீ அவர்களைத் தினமும் பார்க்கிறாய். பார்த்துவிட்டுத்தான் மே மாதம் எனக்கு எழுதினாய், இருந்தது ஒரே இடம் என்று.

ஜில்வான்